பாறு இறங்காத சாவு

மெய்தமெயின் அப்பா நல்ல மனிதர். செத்தவர் பெயரைச் சொல்வது மாடு மேய்க்கும் எங்கள் மாசாய் இனத்தில் வழக்கமில்லை; ஆகவே அப்பா என்றே வைத்துக்கொள்வோம். சாகும் முன் மகனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னைப் புதைச்சிடாதேடா. மாடு மேயுற புல்லைக் கொத்தாதே. பழையபடி வெளியில போடு, பாறுங்க பார்த்துக்கும்."

கடைத்தெருப் பக்கம் எல்லோரும் புதைக்கத் தொடங்கிவிட்டார்கள். மெய்தமெய் அப்பாவின் சொல்லைத் தட்டவில்லை. உடம்புக்கு ஆட்டுக் கொழுப்பைத் தடவி, புதுச் செருப்பு மாட்டி, கிழக்குச் சரிவில் கொண்டுபோய்க் கிடத்தினான்.

பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு ஒன்றுகூட வரவில்லை. மறுநாளும் வானம் காலி. பிணத்தைப் பாறு தொடாவிட்டால் செத்தவன் கெட்டவன் என்பது எங்கள் ஊர்த் தீர்ப்பு. அவற்றை வரவழைக்க மெய்தமெய் தன் நல்ல எருது ஒன்றைப் பக்கத்திலேயே அறுத்துப் போட்டான். ஈதான் மொய்த்தது.

அடுத்த பட்டிக்காரன் கிரிங்கோல், வாய்த்துடுக்குக்காரன். அவன், மெய்தமெய், நான் மூவரும் ஒன்றாகச் சடங்கு முடித்த ஒரே வயதுக்கூட்டம். எங்களுக்குள் பொய் கூடாது. வந்து நின்று மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"பாறுக்கே குமட்டுதுன்னா, உங்கப்பா யார் மாட்டைத் திருடித் தின்னாரோ?"

அந்த வாயில் ஓர் அறை விட எனக்குக் கை பரபரத்தது. மெய்தமெய் காலி வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"அப்பாவைச் சொல்லாதே. தப்பு என்னோடது. போன மாசம் சிங்கம் என் கிடேரியை அடிச்சுதுல்ல? அதைக் கொல்ல, மிச்ச கறியில பூச்சிக்குப் போடுற குருணை மருந்தைத் தூவுனேன். சிங்கம் திரும்பி வரவே இல்ல. பாறுங்கதான் கூட்டமா இறங்குச்சு. அத்தனையும் அங்கேயே சுருண்டு விழுந்துச்சு. கழுதைப்புலியும்."

இன்னும் என்ன சொல்லப்போகிறானோ என்று, சாவுக்குக் கூடியிருந்த எல்லோரும் கிரிங்கோலைப் பார்த்தோம். அவன் மூக்கிலிருந்து கையை எடுத்தான்.

"எங்கே தூவுனே?"

"மாரா ஆத்துக்கு இந்தப் பக்கம்."

"நான் அந்தப் பக்கம் தூவுனேன்," என்றான் கிரிங்கோல்.

அதற்குப் பிறகு யாரும் அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவரை அப்படியே விடவும் முடியாது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மண்வெட்டி எங்களில் யாரிடமும் கிடையாது. கடைத்தெருவுக்கு ஆளனுப்பி இரவல் வாங்கினோம். அது வந்த பிறகும் மெய்தமெய் உடனே கொத்தவில்லை. மண்டியிட்டு, குழி விழப்போகும் இடத்துப் புல்லை ஒவ்வொரு பிடியாகக் கையால் பிடுங்கினான். பிடுங்கும்போதுதான் அழுதான்.