அகலக்கொம்பி நின்ற தூரம்

இப்போதைய ஆட்களுக்கு நடந்து பார்க்கப் பஞ்சி. வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டால் வரம்பில் நின்று போனைத் தட்டுகிறார்கள். அதில் முதல் ஆள் பக்கத்து வயல் பார்த்தீபன். குரங்கு கலைக்கக் காற்றுத் துவக்கு ஒன்று வாங்கி, அதன் மேல் தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடிக் குழலும் பூட்டி வைத்திருக்கிறான். குரங்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆவணியில் கட்டுக்கரைக் குளம் வற்றிக் கிடந்தது. தண்ணீர் தேடி இறங்கிய என் எருமை அகலக்கொம்பி நடுச்சேற்றில் புதைந்துவிட்டாள். நிறைமாதச் சினை. நான் கண்டபோது வயிறு தாழ்ந்திருந்தது. அசைய அசைய இன்னும் இறங்கினாள்.

பார்த்தீபன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தான். இறுகிய தரையைத் தாண்டினால் அதுவும் புதையும். கயிறு போட்டுத்தான் இழுக்க வேண்டும். குளத்தில் மீன்பிடிக்கிற யோசேப்பிடம் நூறு பாகக் கயிறு இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி.

"எட்டுமோ?" என்றான் யோசேப். "எட்டாட்டி நான் ஒரு மணித்தியாலம் சேத்தில ஊர்ந்தது வீண்."

வெட்டைவெளியில் கண் ஏமாற்றும். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பார்த்தீபன் துவக்கை எடுத்து எருமைப் பக்கம் நீட்டினான்.

"டேய், அவளைச் சுடப் போறியோ?"

"இல்லை அய்யா, அளக்கப் போறன்."

"துவக்கால அளக்கிறவனை இண்டைக்குத்தான் காணுறன். கழட்டடா குழலை!"

கழற்றினான். உழவு இயந்திரத்தின் மேல் அதை அசையாமல் வைத்துக் கண்ணைக் கொடுத்தான்.

"உள்ளுக்குச் சிலுவைக் கோடு இருக்கு அய்யா, அதில புள்ளி புள்ளியா. ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் இடையில நூறு மீற்றரில பத்துச் சென்ரிமீற்றர் அடங்கும், இருநூறில இருபது. சாமானின்ர உண்மையான அளவு தெரிஞ்சாத் தூரம் வரும். எருமை நாலடி உயரம். நாலு இடைவெளிக்குள்ள நிக்குது." போனைத் தட்டினான். முகம் செத்துப்போனது. "முன்னூறு மீற்றர். கயிறு நூற்றெண்பதுதான். வங்காலைக்குப் போய் இன்னொண்டு எடுக்கோணும்."

போய்வர இரண்டு மணித்தியாலம். அதற்குள் அவள் மூக்கு சேற்றுக்குள் போய்விடும். யோசேப் கயிற்றைக் கீழே போட்டான்.

"நாலடி எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"எல்லா எருமையும் அவ்வளவுதானே."

"மடையா, கால் முழுக்கச் சேத்துக்குள்ள! நீ பாக்கிறது அரை எருமை."

யோசேப் சிரித்துவிட்டான். "அரை எருமைக்கு முழு எருமைக் கணக்குப் போட்டிருக்கிறான்."

"அப்ப எதை வைச்சு அளக்கிறது?"

"கொம்பை அள."

அவள் எங்களைப் பார்த்தபடிதான் நின்றாள். கொம்பு புதையவில்லை. மாட்டுப் பட்டிக்குக் கடப்பு, அதுதான் வாசல், வைக்கும்போது, இருக்கிறதில் அகலக் கொம்புள்ள மாட்டின் கொம்பை முழம் போட்டு அளந்துதான் கட்டை நடுவோம். போன மாரியில் இவளுக்காகத்தான் கடப்பை அகட்டினேன். நுனிக்கு நுனி இரண்டு முழம்.

"ஆற்ற முழம் அய்யா?"

"என்ர முழம். இந்தா, அள!"

நாடாவை எடுத்து என் கையை அளந்தான். நாற்பத்தைந்து சென்ரிமீற்றர், இரண்டு முழத்துக்கும் தொண்ணூறு. திரும்பவும் குழலில் கண்ணை வைத்தான். கொம்பு ஆறு இடைவெளி. போனைத் தட்டினான்.

"நூற்றைம்பது!"

யோசேப் அதற்குள் கயிற்றைத் தோளில் போட்டுவிட்டான். இரண்டு பலகையை மாற்றி மாற்றிப் போட்டு ஊர்ந்தான். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிக் கட்டிவிட்டுக் கையை உயர்த்தினான். கரையில் பன்னிரண்டு பாகம் மிச்சம் கிடந்தது.

பார்த்தீபன் மெல்ல மெல்ல இழுத்தான். சேறு விடாமல் உறிஞ்சியது. பிறகு ஒரு பெரிய சத்தத்தோடு கக்கியது. அகலக்கொம்பி முட்டிபோட்டு, சறுக்கி, கரைக்கு வந்து நாலு காலில் எழுந்து நின்றாள். நாங்கள் மூவரும் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்தன. நான் கத்தி எத்தனையோ வருடம். அவள் உடம்பை உதறினாள், பார்த்தீபனின் சட்டை முழுக்கச் சேறு. அவன் அதோடேயே ஆடினான்.

"இப்பவாவது நம்புறீங்களோ, அய்யா? ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். கோடும் புள்ளியும்தான்.

"முன்னூறு எண்டதும் இந்தக் குழல்தானே?"

"அது என்ர பிழை அய்யா, குழலின்ர இல்லை."

"முழம் என்ர கையில இருந்துதான் வந்தது" என்றுவிட்டு, அகலக்கொம்பியை ஓட்டிக்கொண்டு உயிலங்குளம் பக்கம் நடந்தேன். அவன் பின்னாலிருந்து என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். நான் திரும்பவில்லை.