மூன்று ஞாயிறு வாசித்த உரிமை அறிவிப்பு

செல்வதாஸுக்கு இருந்த ஆத்திரத்தில், தக்கலையிலிருந்து குளச்சல் கடற்கரை வரை நடந்த வெயில்கூட உறைக்கவில்லை. கையில் கோர்ட்டு நோட்டீஸ். செத்துப்போன சிநேகிதன் எலிசா தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது இதற்குத்தானா? 'என் பிள்ளைகளுக்குச் சமமாக' என்று எழுதியிருந்த வயலை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்து ஒரு வருஷமாகிறது. இப்போது மகள் பூங்கனி பங்கு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். அந்தத் தடிமாடுகளோ வயலை விற்றுவிட்டுக் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவள் பங்கை நீர்தான் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்கிறார் வக்கீல். செல்வதாஸுக்கு இருப்பதே ஒரு தென்னந்தோப்பு.

அதே வக்கீல் வயலைப் பிரிக்கும் முன்பே தலையிலடித்துக்கொண்டு சொன்னார். சர்க்கார் கெஜட்டில் விளம்பரம் கொடும், ஆறு மாதம் பொறுத்துப் பிரித்துக் கொடும், பிறகு எவன் வந்தாலும் உம்மைத் தொட முடியாது என்றார். சபைக் காரியதரிசி செல்வதாஸுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. கல்யாணத்துக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்பதுபோல, 'எலிசாவின் சொத்தில் உரிமையுள்ளோர் வரலாம்' என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசித்தார். ஒருவரும் எழும்பவில்லை. கடற்கரை மரியானைக் கல்யாணம் கட்டி, சபையை விட்டு கத்தோலிக்க மாதா கோயிலுக்குப் போய்விட்ட பூங்கனிக்குச் சொத்து வேண்டாம்போல என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

பூங்கனி மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு நேரே நோட்டீஸை ஆட்டினார்.

"ஏட்டி, மூணு ஞாயிறு வாசிச்சேனே! அப்பம் வாயத் தொறக்காம, இப்பம் என் தோப்புக்கு உலை வைக்கியா?"

"எங்க வாசிச்சேரு?"

"நம்ம சபையில."

"நம்ம சபையா?" அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நான் மரியானைக் கெட்டுனப்போ, இனி இந்தப் படி ஏறப்படாதுன்னு அங்க நின்னு வாசிச்சது ஆரு மாமா? அப்பனுக்க சவப்பெட்டி வெளிய வாற வரைக்கும் நான் ரோட்டுல நின்னேன். நீரு என்னத் தாண்டித்தான் போனேரு. அப்பம் ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

செல்வதாஸ் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தார். அன்று அவளைப் பார்த்தது நினைவிருந்தது. பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நினைவிருந்தது. தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"தோப்ப எழுதித் தாறேன்," என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரிஜிஸ்தர் ஆப்பீசுல வந்து எழுதும்," என்றாள் பூங்கனி. "அதையும் உம்ம சபையில வாசிச்சிற்றுப் போயிராதேயும்."