யாரு சாவு

சாவு மேளத்துக்குப் போலீஸ் பந்தோபஸ்து என்று கேள்விப்பட்டபோது ரமாபாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செய்தியைக் கொண்டுவந்தவன் எதிர் வீட்டு யேசுதாஸ். காசிமேட்டு ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்பவன். உட்காரச் சொன்னால் படுத்துவிடுகிற ஆள். அந்தத் திறமைக்குத்தான் இப்போது அழைப்பு வந்திருந்தது.

"நாளைக்குக் காலைல நான்தான் பொணம்க்கா," என்றான் கதவில் சாய்ந்துகொண்டு. "கண்ணை மூடிகினு படுத்திருந்தா போதுமாம். மேளம் உங்க ஜெயவேல் மாமா செட்டு."

"இன்னாடா உளர்றே?"

யேசுதாஸ் விவரம் சொன்னான். அடையாறு, நுங்கம்பாக்கம் பக்கத்து ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து ஊரைச் சுற்றிப் பார்க்கிறார்களாம். அதற்கு 'வேறு மெட்ராஸ்' என்று பெயராம். போன மாதம் ராயபுரத்தில் புறாப் பந்தயம் பார்த்தார்கள். அதற்கு முந்தின மாதம் கேரம் கிளப். இந்த மாதம் சாவு ஊர்வலம். நிஜச் சாவு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லிவைத்தாற்போல விழாதே, அதனால் அவர்களே ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

"போலீஸ் வுடுமா?"

"பர்மிஷன்லாம் மேலேயே வாங்கிட்டாங்கோ. நம்ம எஸ்.ஐ.யே முன்னால நடந்து லாரியை ஓரங்கட்டப் போறாராம்."

நம்ம எஸ்.ஐ. ரமாபாய் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டாள். தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள்.

அவள் அம்மா கெங்கம்மா செத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மேளத்துக்கு முன்னால் முதலில் ஆடுகிறவள் கெங்கம்மா. சொந்தமா, பந்தமா, சாதியா, மதமா, எதுவும் கேட்க மாட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். ஹார்பரில் மூட்டை தூக்கிய அவள் புருஷன் பௌத்தத்துக்கு வந்தவர். தன் சாவில் மேளம் கூடாது, பஞ்சசீலம் சொல்லி எடுத்துப்போனால் போதும் என்று சொல்லி அப்படியே போய்ச் சேர்ந்தார். "அது அவுரு கேட்டது. எனக்கு வூட்டுலேர்ந்து சுடுகாடு வரைக்கும் மேளம் வேணும். என் தம்பிதான் அடிக்கணும்," என்று கெங்கம்மா மகளிடம் பலமுறை சொல்லியிருந்தாள். கேட்டது அது ஒன்றுதான். சேலை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை.

அந்த ஒன்றும் நடக்கவில்லை. மார்ச் மாதம், பரீட்சை நேரம், ஹார்பருக்குப் போகிற டிரெய்லர் லாரிகளுக்கு இடைஞ்சல் என்று எஸ்.ஐ. வந்து நின்றார். ஜெயவேல் முதல் அடி அடிப்பதற்குள் மேளத்தைப் பிடுங்கி ஜீப்பில் போட்டார். ரமாபாய் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "ஒரு சாவுக்காக ஹார்பரை மூடச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். மேளம் மறுநாள்தான் திரும்பி வந்தது. கெங்கம்மா சவ வண்டியில் சத்தமில்லாமல் போனாள். சத்தமில்லாமல் என்றால் சீக்கிரமாக என்று அர்த்தமில்லை. அதே டிரெய்லர் லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றதில் வண்டி நகரவே இல்லை. மேளம் அடித்து ஆடிக்கொண்டே போயிருந்தால் அந்த நேரத்துக்குள் கெங்கம்மா இரண்டு தடவை சுடுகாட்டுக்குப் போய்வந்திருக்கலாம்.

அதை நினைக்கும்போதெல்லாம் ரமாபாய்க்கு வயிறு எரியும். இந்தச் செய்தியைக் கேட்டதும் பற்றிக்கொண்டு எரிந்தது. நேராக ஜெயவேல் வீட்டுக்குப் போனாள். அவர் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் உட்கார்ந்து மேளத்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, உனுக்கு வெக்கமா இல்ல?"

ஜெயவேல் நிமிரவில்லை. "கூப்டாங்கோ, போறேன். என்னை நம்பி நாலு பசங்க கீறானுங்கம்மே. அவனுங்களுக்கும் வயிறு கீது."

"பொய்ப் பொணத்துக்கு ரோட்டை மூடறாங்கோ. எங்கம்மா பொணத்துக்கு ஒரு அடி அடிக்க வுடல. அதே ஆளு முன்னால நடந்தா நீ பின்னால மேளம் அடிச்சிகினு போவியா?"

"அடிக்கலன்னா மட்டும் எங்க அக்கா எழுந்து வந்துடுமா?"

"நாளைக்கு வர்றேன். நடுரோட்டுல இந்த மேளத்தைக் கிழிக்கலன்னா பாரு."

ஜெயவேல் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "வந்து கிழி," என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கிழித்துவிட்டால் தேவலை என்பது போலச் சொன்னார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

மறுநாள் காலை கிளம்பும்போது கைப்பையில் கட்டர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டில் வேலை. பெட்டி கிழிக்கிற கட்டர் எப்போதும் பையில் இருக்கும். அட்டையைக் கிழிப்பது மேளத் தோலைக் கிழிக்காதா என்ன.

தெருமுனையில் கூட்டம் நின்றது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கில் வெள்ளைக் களிம்பு. மே மாத வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அதையும் ரசிப்பதற்கென்றே வந்தவர்கள் போல எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரோஜாவும் சாமந்தியும் சாத்திய பாடையில் யேசுதாஸ் படுத்திருந்தான். மூக்கில் பஞ்சு வைத்தால் தும்மல் வரும் என்று மறுத்துவிட்டானாம். பாடையின் பக்கவாட்டில் 'வேறு மெட்ராஸ்' என்று பேனர் கட்டியிருந்தது. ஹெப்சிபா என்ற சின்னப் பெண் கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு பேசினாள். அவள்தான் இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள்.

"இங்கே சாவைக்கூடக் கொண்டாடுவாங்க. இதுதான் இந்த ஊரோட வித்தியாசமான அழகு."

கொண்டாட்டமாம். ரமாபாய் பல்லைக் கடித்தாள். ஆடுகிறவர்களின் கண்ணை ஒரு தடவையாவது இந்தப் பெண் கிட்டப் போய்ப் பார்த்திருப்பாளா?

கூட்டத்துக்கு முன்னால் எஸ்.ஐ. நின்றார். ஹார்பரை மூட முடியாது என்று அன்றைக்குச் சொன்ன அதே மனிதர், இன்றைக்கு விசிலை ஊதினார். டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரம் போயின. இவ்வளவு அகலமான தெருவா இது என்று ரமாபாய்க்கே ஆச்சரியமாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து கெட்ட வார்த்தை ஒன்று கிளம்பி வந்தது. அடக்கிக்கொண்டு பைக்குள் கையை விட்டாள்.

மேளம் ஆரம்பித்தது. ஜெயவேல் அடித்தார், பசங்கள் அடித்தார்கள். தொப்பிக்காரர்களில் இரண்டு பேர் கையைத் தூக்கி ஆடிப் பார்த்துவிட்டுத் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டார்கள்.

தெருவுக்கு இது நாடகம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் வழக்கம் போல ஷட்டரைப் பாதி இறக்கினார். டீக்கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள். மாடிகளில் பெண்கள் வந்து நின்றார்கள். கட்டரைப் பிடித்த கையோடு ரமாபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமாவை நெருங்கினாள்.

அப்போது மீன்கூடையோடு எதிரில் வந்த பிலோமி சட்டென்று ஓரம் ஒதுங்கினாள். காசிமேட்டிலிருந்து தெருத்தெருவாக மீன் விற்கிறவள். கூடையைத் தரையில் இறக்கிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் வந்த ஹெப்சிபாவிடம் கேட்டாள்.

"யாரு சாவும்மா?"

மேளம் கேட்டால் எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஹெப்சிபா சிரித்தபடி, "யாரும் இல்லம்மா. சும்மா, இவங்களுக்குக் காட்டறதுக்காக," என்றாள்.

"சும்மாவா?" பிலோமிக்குப் புரியவில்லை. "சும்மா எதுக்கும்மா பாடை கட்டுவாங்கோ? ஆளு பேரு இன்னா?"

ஹெப்சிபாவிடம் பெயர் இல்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தாள். அந்த விழிப்பைப் பார்த்ததும் ரமாபாயின் கோபம் எல்லாம் திரண்டு வாய்க்கு வந்துவிட்டது.

"கெங்கம்மா," என்றாள். "ஹவுசிங் போர்டு கெங்கம்மா. எங்கம்மா."

பிலோமி அவளை உற்றுப் பார்த்தாள். "ஆடுமே, அந்த கெங்கம்மாவா? எங்க நைனா சாவுக்கு செருப்புகூட இல்லாம வெயில்ல ஆடிகினே வந்துச்சே. செத்துடுச்சா? எப்போ?"

"மார்ச்சுல."

"எனுக்குத் தெரியவே தெரியாதே. இந்தத் தெருவுலதான் டெய்லி வர்றேன். மேளச் சத்தமே கேக்கலியே."

"அடிக்க வுடல," என்றாள் ரமாபாய். கத்திச் சொன்னாள். மாடிவரைக்கும் கேட்டது. "அடிச்சா லாரி நின்னுடும்னு மேளத்தைப் புடுங்கிகினு போனாங்கோ. அதான் யாருக்கும் கேக்கல."

மேளம் நின்றுவிட்டது. ஜெயவேலின் கை அந்தரத்தில் நின்றது. பாடையில் படுத்திருந்த யேசுதாஸ் கண்ணைத் திறந்தான்.

"எறங்குடா," என்றாள் ரமாபாய்.

பிணம் எழுந்து உட்கார்ந்ததும் தொப்பிக்காரர்கள் கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்திருப்பார்கள். யேசுதாஸ் குதித்து இறங்கி, பாடைக்குத் தோள் கொடுத்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் கைதட்டல் தானாக அடங்கிப்போனது. ரமாபாய் கட்டரால் பேனர் கயிற்றை அறுத்தாள். பேனர் காலடியில் விழுந்தது. பிலோமி தன் தலையிலிருந்த பூவை எடுத்துக் காலியான பாடையில் வைத்தாள். அதைப் பார்த்து மளிகைக் கடைக்காரர் இறங்கி வந்தார். டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாடியிலிருந்த பெண்கள் அழுதுகொண்டே படி இறங்கினார்கள்.

ஜெயவேல் மேளத்தை ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அடித்தார். அதற்கு முன்னால் அவர் அடித்ததெல்லாம் கூலிக்கு அடித்தது என்பது காது இருந்த எல்லாருக்கும் அப்போது தெரிந்தது.

முச்சந்தியில் தொப்பிக்காரர்களுக்காக இளநீரோடு ஒரு பஸ் நின்றது. ஊர்வலம் அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. முறைப்படி பாடையை இறக்கி, திசை திருப்பி, மறுபடி தூக்கினார்கள். காசிமேட்டுச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பியபோது எஸ்.ஐ. ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"ஏய், எங்க போறீங்க? பர்மிஷன் இதுவரைக்கும்தான்."

"எங்கம்மா போவ வேண்டிய எடம் அங்கதான் சார் கீது."

அவருக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. "உன்னை... மார்ச்சுல..."

"ஆமா சார், அவதான். அன்னிக்கு லாரி நிக்கக் கூடாதுன்னீங்க. இன்னிக்கு எல்லா லாரியும் நிக்குது. நீங்கதான் நிறுத்துனீங்க. யாருமே சாவாததுக்கு வழி வுட்டீங்களே, செத்தவளுக்கு வுட்டா இன்னா கொறஞ்சிடும்?"

அவர் கையை ஓங்குவது போலத் தூக்கினார். தூக்கிய கையோடு சுற்றிலும் பார்த்தார். பின்னால் தெருவே நின்றது. தொப்பிக்காரர்கள் எல்லாருடைய போனும் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. கையை இறக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு திரும்பி, எதிரில் வந்த ஒரு டிரெய்லரைப் பார்த்து விசில் ஊதினார்.

ஹெப்சிபா ரமாபாய் பக்கத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, சாரிக்கா. எனக்கு இது எதுவும் தெரியாது."

"சாரிய வச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றாள் ரமாபாய். "மைக்கைக் கழட்டிட்டு தோள் குடு."

அந்தப் பெண் கொடுத்தாள். ரமாபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேளத்துக்கு முன்னால் போனாள். அவளுக்கு ஆடத் தெரியாது. அம்மா ஆடியதைப் பார்த்ததோடு சரி. எஸ்.ஐ.யை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு தார் ரோட்டை மிதித்தாள். அடி சரியாகத்தான் விழுந்தது. வழியெல்லாம் ஆட்கள் "யாரு சாவு" என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் ஆடிக்கொண்டே பெயரைச் சொன்னாள்.

சுடுகாட்டு வாசலில் ஊழியர் ஒருவர் கேட்டைப் பாதி திறந்துகொண்டு எட்டிப் பார்த்தார். மேளத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பூ மட்டும் கிடந்த பாடையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? பாடி எங்க?"

ரமாபாய்க்கு மூச்சு வாங்கியது. கால் கொப்பளித்திருந்தது. கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

"பாடி ரெண்டு மாசம் முன்னாலயே வந்துடுச்சு," என்றாள். "மேளம் இப்பத்தான் வருது. கேட்டை நல்லாத் தொறங்க."