கடலைப் பார்க்கும் தொட்டி

அக்கா ஓய்வு பெற்ற அன்று அவள் வேலை பார்த்த ஹோட்டலில் எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அவள் அதை அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. இனிமேல் மணி பார்த்து என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லி அலமாரியின் மேல் ஏற்றிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்தபோது அறைகளைச் சுத்தம் செய்பவள். பிறகு சுத்தம் செய்பவர்களுக்கெல்லாம் சூப்பர்வைசர். கதவைத் திறந்த உடனே, வாசலில் நின்றபடியே, படுக்கை விரிப்பில் எங்கே சுருக்கம் இருக்கிறது என்று அவள் கண் போய் நிற்கும். அதனால் அங்கிருந்த பெண்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘சுருக்கம்’. ‘சுருக்கம் லிஃப்டுல ஏறிட்டா’ என்று மாடிக்கு மாடி தகவல் போகுமாம். அது அக்காவுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஹோட்டலின் மேல்மாடி மூலை அறைகளில் ஜன்னலோரம் வெள்ளைக் குளியல் தொட்டிகள் இருந்தன. படுத்தால் ஊரின் கூரைகள் எல்லாம் தெரியும். அவற்றைத் தேய்த்துத் தேய்த்தே அவள் கை ரேகை அழிந்தது. ஒருநாள்கூட உள்ளே இறங்கியதில்லை. யாரும் இல்லாத மதியங்களில் இறங்கிப் பார்த்திருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். ஒளிந்து குளிப்பதில் என்ன சுகம் என்றாள். “காசு குடுத்து, கதவைத் தாழ் போட்டு, கால நீட்டிக் குளிக்கணும். யாராவது வந்து கதவைத் தட்டினா, அப்புறம் வாங்கன்னு சொல்லணும்.”

ஓய்வுப் பணம் வந்ததும் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பங்கு, வீட்டுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கினாள். மிச்சத்தில் சக்கரம் வைத்த கருஞ்சிவப்புப் பெட்டி ஒன்று, பெரிய கறுப்புக் கண்ணாடி, நல்ல வாசனைத் தைலம், தரையைத் தொடும் பட்டு அங்கி எல்லாம் வந்து சேர்ந்தன. கடற்கரை ஊர் ஒன்றில், ஜன்னலோரத் தொட்டி உள்ள அறையாகத் தேடிப் பிடித்து, ஏழு இரவுகளுக்கு முன்பணம் கட்டினாள். ரயிலில் முதல் வகுப்பு. துணைக்குத் தங்கை என்னையும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் பாக்கி. தபால் நிலையத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பனி கொட்டும் ஊர் ஒன்றில் நடக்கும் தடிமனான நாவலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அக்காவின் மகனுக்குத்தான் தாங்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். வராத ஆபத்தைப் பற்றிப் பேசுவதே அவன் பிழைப்பு. எதிர்பாராத செலவு வந்தால், விலைவாசி ஏறினால், முட்டி தேய்ந்தால் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, “ஆஸ்பத்திரிக்குத் தனியா வெச்சிருக்கேன்டா. இது குளிக்கிறதுக்கு” என்றாள். கடைசியாக அவன் சொன்னதுதான் அவளைக் குத்தியது.

“ரெண்டே நாள்ல திரும்பி வந்துருவம்மா. உனக்குச் சும்மா உக்கார வராது.”

ரயிலில் பாதி வழிவரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வெளியே வயல்கள் முடிந்து உப்பளங்கள் தொடங்கியபோது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, “ஏழு நாள் உக்காந்து காட்டுறேன் பாரு” என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மேல்மாடி மூலை அறை. குளியலறைக்குள் தொட்டி ஜன்னலோரம் பெரிய வெள்ளைப் படகு மாதிரிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே கறுப்பு. கடல் சத்தம் மட்டும் கேட்டது. இப்போதே இறங்கு என்றேன். கடல் தெரியாமல் குளிப்பதற்கு வீட்டுக் குளியலறை போதாதா என்று கேட்டாள். நாளை மதியம், வெயில் தண்ணீரில் விழும் நேரம். அதுதான் அவள் முகூர்த்தம்.

காலையில் நான் கண் விழித்தபோது அவள் படுக்கை விரித்தாகிவிட்டது. நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் என் படுக்கையும். மூலைகள் தபால் உறை ஒட்டிய மாதிரி மடிந்திருந்தன. டவல்கள் மூன்றாய் மடித்துக் கம்பியில் தொங்கின. யாரும் தொடாத தொட்டியைக்கூட ஒருமுறை துடைத்திருந்தாள். கண்ணாடித் தம்ளர்களைக் கழுவி, அவற்றின் காகித மூடிகளைத் திரும்ப மாட்டியிருந்தாள். எங்கள் பெட்டிகள், செருப்புகள், என் நாவல் எல்லாம் அலமாரிக்குள், உபரிக் கம்பளிகளுக்குப் பின்னால் போயிருந்தன.

“நீ தங்க வந்தியா, வேலைக்கு வந்தியா?” என்றேன்.

“அலங்கோலமா போட்டுட்டுப் போனா, வர்ற பொண்ணு நம்மள என்ன நினைப்பா?”

கீழே இறங்கிக் கடற்கரைக்குக் கிளம்பினோம். வரவேற்பு மேசையைத் தாண்டும்போது அக்கா நின்று, சாவி அட்டைகள் இரண்டையும் அங்கிருந்த இளைஞனிடம் வைத்து, ஏதோ சொல்லித் தலையாட்டினாள். அவனும் புன்னகைத்துத் தலையாட்டினான். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

அந்தக் காலை நன்றாகத்தான் இருந்தது. ஈர மணலில் நடந்தோம். அக்கா ஒரு பெரிய வைக்கோல் தொப்பி வாங்கினாள். விலை கேட்கவில்லை. பணத்தை நீட்டி மீதியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் விலை கேட்காமல் வாங்கி நான் பார்த்த முதல் பொருள் அதுதான். கடலோரச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவர் தட்டை எடுக்க வந்தபோது, அவள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கி, பாதியில் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மதிய வெயில் சரியாக விழத் தொடங்கியதும் எழுந்தாள்.

வரவேற்பு மேசையில் சாவி கேட்டோம். அதே இளைஞன் திரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

“மேடம், நீங்க காலைலயே காலி பண்ணிட்டீங்களே?”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அக்கா வேலை பார்த்த இடத்தில், ஊழியர் யாரும் சாவியோடு கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மேசையில் சாவியை வைத்து, ‘ரூம் ரெடி’ என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இத்தனை காலம் தினமும் செய்த அதே காரியத்தை இன்று காலையும் செய்திருக்கிறாள். அறையைக் காலி செய்துவிட்டதாக எடுத்துக்கொண்டு இளைஞன் மேலே ஆள் அனுப்பியிருக்கிறான். சுத்தம் செய்யும் பெண்மணி போய்ப் பார்த்தால், விரித்த படுக்கை, உலர்ந்த தொட்டி, மூடி போட்ட தம்ளர். அலமாரியைத் திறந்தால் கம்பளிகள். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாத அறை. அன்று ஹோட்டல் நிரம்பி வழிந்தது. புதிதாகத் திருமணமான ஒரு ஜோடிக்கு அந்த அறையைக் கொடுத்துவிட்டார்கள். அரை மணி நேரத்துக்கு முன்பு.

மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், வியர்த்திருந்தது. பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது, தொட்டி கிடையாது, ஜன்னல் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்திருக்கும், ஆனால் மிகவும் அமைதியானது என்றார். வித்தியாசப் பணத்தை உடனே திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சின்னஞ்சிறுசுங்க மேடம். கல்யாணம் ஆகி முதல் பயணம். நீங்க பெரியவங்க, கொஞ்சம் விட்டுக்குடுத்தா...”

நான் விட்டுக்கொடுத்துவிடுகிற ரகம். தபால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, யார் குரல் உயர்ந்தாலும் சரி சரி என்று சொல்லப் பழகியவள். அக்காவின் முழங்கையைத் தொட்டேன். அப்போதுதான் அவள் நின்ற விதத்தைக் கவனித்தேன். குதிகால்கள் சேர்ந்து, கைகள் இரண்டும் வயிற்றின் முன் கோத்து, தலை லேசாகச் சாய்ந்து. குறை சொல்ல வந்த விருந்தாளியின் முன்னால் ஊழியர் நிற்கும் நிலை. அந்த நிலையில் நின்று அவள் எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாளோ. இப்போதும் அவள் வாயிலிருந்து ‘பரவாயில்லை’ என்ற சொல் கிளம்பிவிடும் என்று தோன்றியது. அது வந்துவிட்டால் நாளை மறுநாள் நாங்கள் ரயிலில் இருப்போம். மகன் ஸ்டேஷனுக்கே வந்து நிற்பான்.

அக்கா கைகளைப் பிரித்தாள். சுற்றிலும் பார்த்தாள். வரவேற்புக் கூடத்தின் நடுவில், யாரும் உட்காராத, அழகுக்காகப் போட்டிருந்த நீல சோபா ஒன்று இருந்தது. போய் அதன் நட்டநடுவில் உட்கார்ந்தாள். தொப்பியைப் பக்கத்தில் வைத்தாள். சாய்ந்துகொண்டாள்.

“தம்பி, நீங்களும் உக்காருங்க” என்றாள்.

மேனேஜருக்கு அந்த சோபாவில் உட்கார்ந்து பழக்கமில்லை போலும். விளிம்பில் ஒட்டிக்கொண்டார்.

சாவியைக் கொடுத்தது தன் தவறுதான் என்று அவள் முதலில் சொன்னாள். மேலே போய்ப் பார்த்த பெண்மணியை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது, அந்த அறையைப் பார்த்தால் தானே ஏமாந்திருப்பேன் என்றாள். அதிலிருந்து அவள் எங்கே வேலை பார்த்தவள் என்பது பேச்சில் வந்தது. மேனேஜரின் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப நீங்களும் நம்ம ஆளு. எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாததா?”

“நல்லாத் தெரியும். ஆனா இன்னிக்கு நான் டூட்டில இல்ல.”

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்தார். அக்காவின் குரல் உயரவே இல்லை.

“அந்தத் தொட்டிக்கு ஏழு நாள் காசு கட்டியிருக்கேன். சின்னஞ்சிறுசுங்க இன்னும் எத்தனையோ தொட்டி பாப்பாங்க. நான் பாத்த தொட்டியெல்லாம் வெளியில நின்னு தேய்ச்ச தொட்டி. எனக்கு என் ரூம் வேணும். அவசரம் இல்ல, இங்கேயே உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்தாள். கூடத்தில் வந்தவர் போனவர் எல்லோரும் நீல சோபாவையும் வைக்கோல் தொப்பியையும் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்குக் காது மடல்கள் சுட்டன. அவள் சாவகாசமாக ஒரு எலுமிச்சைச் சாறு வரவழைத்து, உறிஞ்சுகுழலின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். அவளை இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. வேலை செய்யாத அவள் கைகள் சோபாவின் இரு பக்கமும் விரிந்து, யாரோ வேறொருத்தியின் கைகள் மாதிரி இருந்தன.

மேலே போன மேனேஜர் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம். இரண்டு இரவுகள் இலவசம் என்றதுமே அந்த ஜோடி பெட்டியை மூடிவிட்டார்களாம். வண்டி நிறுத்தும் இடமா, இருக்கட்டும், நாங்கள் எங்கே ஜன்னலைப் பார்க்கப் போகிறோம் என்று மாப்பிள்ளை சொன்னானாம். லிஃப்டிலிருந்து இறங்கிப் போகும்போது அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அக்காவும் கையசைத்தாள். நடந்ததற்கு ஈடாக என்ன வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். பணம் வேண்டாம், எட்டாவதாக ஓர் இரவு கொடுங்கள் என்றாள். கொடுத்தார்.

வெயில் இன்னும் இருந்தது. கொஞ்சம் பழுத்து, ஜன்னல் வழியாகச் சாய்ந்து, தொட்டியில் நிறைந்த தண்ணீரில் விழுந்து, கூரையெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. அக்கா குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். நான் கம்பளிகளுக்குப் பின்னாலிருந்து என் நாவலை மீட்டு, கட்டிலில் சாய்ந்து பனிக்குள் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு திடீரென்று தண்ணீர் வழிந்து தரையில் கொட்டும் சத்தம்.

“அக்கா, என்ன ஆச்சு?”

“கால நீட்டினேன். தண்ணி வெளிய போயிருச்சு.”

“துடைக்கட்டுமா?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

“இருக்கட்டும், காயும்” என்றாள். பிறகு, “கடல்ல ஒரு படகு போகுது, நீலப் பாய் கட்டியிருக்கு” என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. மகன்தான். அம்மா குளிக்கிறாள் என்றேன். இந்த நேரத்திலா என்றான். எப்போது திரும்புகிறீர்கள், நாளைக்கா, நாளை மறுநாளா என்று கேட்டபோது அவன் குரலில் ஜெயித்த வாடை அடித்தது. நான் கதவைத் தட்டிக் கேள்வியைச் சொன்னேன்.

“அப்புறம் வாங்கன்னு சொல்லு” என்றாள் அக்கா.

அதை அப்படியே அவனிடம் சொல்ல முடியாது. ஒரு நாள் கூடியிருக்கிறது, எட்டு நாளாகும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது அவள் தன் கட்டிலருகே நின்றிருந்தாள். விரிப்பின் ஒரு மூலை கையில் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்தாள். மூலையைக் கீழே விட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டு, தலையணை ஒன்றை எடுத்துக் கட்டிலின் நடுவில் குறுக்கே போட்டாள். அதுவும் அழகாக, நேராக விழுந்தது. பட்டு அங்கியை நாற்காலி மேல் எறிந்தாள். சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு, பொத்தானை அழுத்தி மூடினாள்.

நாங்கள் சிற்றுண்டி முடித்துத் திரும்பியபோது அறை தயாராக இருந்தது. அக்கா வாசலிலேயே நின்றாள். அவள் கண் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தேன். அவள் கட்டிலில், இடது பக்கம், கால்மாட்டுக்குச் சற்று மேலே, சாண் நீளத்துக்கு ஒரு சுருக்கம்.

அவள் செருப்பை உதறினாள். ஒன்று கதவுப் பக்கம் போயிற்று, மற்றது தொட்டிப் பக்கம். நேராகப் போய் அந்தச் சுருக்கத்தின் மேலேயே ஏறிப் படுத்து, தொப்பியை எடுத்து முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டாள்.