நிலைப்படியில் எரிந்த பல்பு

என் தம்பி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். அவன் ஒரு வண்டி செய்யப்போகிறேன் என்று கிளம்பியபோதே நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். புத்தி வேண்டுமே!

வண்டி அப்பாவுக்கு. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்து நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது. அப்பாதான் எழுந்திருப்பதில்லை. மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். அதைச் சொல்லவும் மாட்டார். "நடந்து போய் யாரைப் பார்க்கணும்?" என்பார். வாக்கரில் ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொள்ள வெளியாள் யாரும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பார். கட்டில் பக்கத்தில் மத்தியானக் கஞ்சியை வைத்துவிட்டுப் போகவும் கூடாது, எறும்பு வருமாம். தம்பிக்குக் கூரியர் ஆபீஸ். நான் லென்ஸ் தேய்க்கும் கண்ணாடிக் கடையின் முதலாளியோ, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கஞ்சி தானாகக் கட்டிலுக்குப் போனால்தான் எனக்கு வேலை.

உடைந்த டிரில்லிங் மெஷினிலிருந்து பிடுங்கிய மோட்டார், பழைய ஸ்கூட்டர் பேட்டரி, ஒரு பலகை, நான்கு சக்கரம். அடுக்களையிலிருந்து கட்டில் வரை தரையில் இரண்டு மரச்சட்டங்களை அடித்து, வண்டி நடுவில் நேராக ஓட வழி செய்தான். சுவிட்ச் கட்டில் காலில். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் அது பேய் பிடித்தது போலப் பாய்ந்து கட்டிலில் முட்டியது. மூடி ஒரு பக்கம், கஞ்சி ஒரு பக்கம். போர்வையை நான்தான் துவைத்தேன்.

அடுத்து, வேகத்தைக் குறைக்கப் பழைய ரேடியோவின் வால்யூம் குமிழை மோட்டார் ஒயருக்கு நடுவில் மாட்டினான். ஒரே நிமிஷத்தில் அது புகைந்து கருகியது. வீடெல்லாம் நாற்றம்.

"வேகத்தைக் குறைக்கன்னே சின்னதா ஒரு போர்டு விக்குதாமே. ரெண்டு டீ காசுதானாம். வாங்கித் தொலையேன்டா!"

"அதுல இருக்கிற சாமானெல்லாம் என் டப்பாவிலேயே கெடக்கு அக்கா. எதுக்குத் தண்டச் செலவு?"

"கெடக்குன்னா எடுத்துச் செய்."

"செய்யலாம். அதுக்குள்ள இதைப் பாரு."

ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மோட்டாருக்கு முன்னால் கோத்திருந்தான். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டில் பாதியைப் பல்பு தின்றுவிடுமாம். உண்மையிலேயே வண்டி மெதுவாக நகர்ந்தது. கஞ்சி ஆடவில்லை. அடுக்களை நிலைப்படியில் ஏறி இறங்கி, கட்டிலண்டை போய் நின்றது. "நிறைகுடம் தளும்பாது, பாத்தியா!" என்று தம்பி குதித்தான். நாலைந்து தடவை ஓட்டிக் காட்டினான். அப்பா ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ம்க்கும்" என்றதோடு சரி.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்து ரேடியோ சாமான் கடைக்காரரிடம் பல்பு சமாசாரத்தைச் சொன்னேன்.

"பல்பு போட்டா வேகத்தோட சேர்ந்து இழுக்கிற பலமும் போயிடும்மா. மேடு வந்தா நின்னுடும். இந்த போர்டு கரண்ட்டை விட்டு விட்டுக் குடுக்கும். மெதுவாவும் போகும், பலமும் குறையாது."

போர்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. தலைவலி என்று புளுகிவிட்டு, செருப்பு அறுந்தாலும் பரவாயில்லை என்று ஓடி வந்தேன். கட்டில் காலி. அதன் பக்கத்தில் வண்டி, அதன்மேல் ஆறிப்போன கஞ்சி. என் ஈரத் துண்டுகள் தரையில் கிடந்தன. கட்டிலண்டையே நின்றுவிட்டேன்.

"என்ன அங்க நின்னுட்டே?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர். பாத்திரத்தின் அடியில் இருந்த மிச்சக் கஞ்சியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"போனை எடுக்க மாட்டீங்களா? எனக்கு உயிரே போயிடுச்சு!"

"போன் கட்டில்ல இருக்கு. நான் இங்க இருக்கேன்."

"நடந்தா வந்தீங்க?"

"பின்ன, பறந்தா வருவாங்க? உங்க வண்டி நிலைப்படியில மூக்கை முட்டிக்கிட்டு நின்னுடுச்சு. மோட்டார் அசையல, பல்பு மட்டும் பளபளன்னு எரியுது. எவ்வளவு நேரம் அந்த எழவையே பாத்துக்கிட்டுக் கெடக்கிறது? எரிச்சல் பத்திக்கிட்டு வந்துச்சு, எந்திரிச்சேன். வாக்கர் காலால ஒரு நெம்பு நெம்பினேன். ஏறினதும் என்னை விட்டுட்டுக் கட்டிலுக்குப் போயிடுச்சு, சனியன்! நான் இங்க, கஞ்சி அங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "நேத்து நல்லாத்தானே ஏறிச்சு?"

"ஒவ்வொரு தடவையும் உன் தம்பி கால் கட்டைவிரலால தள்ளிவிட்டான். அவனுக்கே தெரியாது. நின்னுக்கிட்டிருந்த உனக்கும் தெரியல. படுத்துக் கெடக்கிறவனுக்கு உங்க கால்தானே தெரியும்?"

"சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னை யாரு கேட்டீங்க?"

சாயங்காலம் தம்பி வந்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். சட்டைப்பையைத் துழாவினான். என் ஆயுசில் முதல் தடவையாக அவனே காசை நீட்டினான்.

"நாளைக்கு அந்த போர்டை வாங்கிட்டு வந்துடு அக்கா. இனிமே நிலைப்படியில நிக்காது."

"அந்த போர்டு விக்கிற கடையை மூடிட்டாங்கடா" என்றேன்.

"அப்ப நாளைக்கும் நானே எந்திரிச்சு வந்து நெம்பணுமா?" என்று அப்பா எரிந்து விழுந்தார்.

"ஆமாப்பா, நீங்கதான் நெம்பணும்" என்று சொல்லிக்கொண்டே கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.