முதலில் சிரிப்பவர்

அந்தப் பெண்மணியின் வலது கண்ணுக்கு முன் இரண்டாவது வில்லையைச் செருகிவிட்டு, "இப்ப மூணாவது வரி படிங்க" என்றேன். அவர் படிக்கவில்லை. மூக்கில் கனத்துக்கொண்டிருந்த அந்த இரும்புச் சட்டகத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்தார்.

"நீங்க ஓட்டவாய்தானே? மேடையில ஜோக் சொல்வீங்களே?"

"பாத்தீங்களா, அதுக்குள்ள பவர் சரியாயிடுச்சு."

சட்டகம் குலுங்கச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். நீங்க அவரை அந்தக் கிழி கிழிக்கறீங்க, அவர் முன்னாடி உக்காந்து எல்லாருக்கும் முந்திச் சிரிக்கறார். எங்க வீட்ல நான் இப்படிப் பேசினா..." என்று நிறுத்தினார். மிச்சத்தைக் கை சொன்னது. பிறகு மூன்றாவது வரியைப் பிழையில்லாமல் படித்தார்.

இந்தக் கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாகக் கண் பரிசோதிக்கிறேன். சோதனை நாற்காலியில் உட்கார்ந்தவுடன் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிடுவார்கள். தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்று சொல்ல அவ்வளவு கூச்சம். ஊகித்துச் சொல்லிவிட்டு, சரியா என்று ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஓரப்பார்வையைப் பிடிப்பதுதான் என் வேலையில் பாதி. பலகையைப் பார்த்துச் சொல்கிறார்களா, என்னைப் பார்த்துச் சொல்கிறார்களா என்பது தெரியாவிட்டால் தப்பான கண்ணாடி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

மேடைக்கு வந்து மூன்று வருடம். மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, மரச்சாமான் கடையின் மாடியில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஓர் அக்கா இந்த நிகழ்ச்சியை நடத்துகிறார். பெண்கள் மட்டும் பேசலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஓட்டவாய் என்பது சின்ன வயதில் அம்மா என்னைத் திட்டிய பெயர். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சுவரொட்டியில் போட்டுக்கொண்டேன்.

ஒரு ஜோக் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் எனக்கு வாய் நிற்காது. உதாரணமாக இது: "எங்க வீட்டுக்காரருக்கு வீட்டு வேலையில உதவி பண்றதுன்னா உயிர். நான் துணி காயப்போட்டா பக்கத்துலயே நின்னு, வெயில் நல்லா அடிக்குதுன்னு சொல்வார்." 'சொல்வார்' என்ற சொல்லோடு வாயை மூடிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சொல் சேர்த்தாலும் சிரிப்பு செத்துவிடும். கேட்பவர் மனம் ஒரு சின்னப் பள்ளத்தைத் தானே தாண்ட வேண்டும். தாண்டின சத்தம்தான் சிரிப்பு. அதற்கு அரை நொடி போதும். எனக்கோ எப்போதும் ஒன்றரை நொடி ஆகிக்கொண்டிருந்தது. அரங்கம் பெரிது, சத்தம் பின்னால் போய்ச் சேர நேரம் பிடிக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறுபது நாற்காலி அரங்கத்துக்கு!

காரணம் போன மாதம்தான் தெரிந்தது. அக்கா ஒரு மாறுதலுக்காக, கேமராவை மேடை ஓரத்தில் வைத்துக் கூட்டத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கடையில் சாப்பாட்டு நேரத்தில் அதை வேகம் குறைத்துப் பார்த்தேன். துணி ஜோக் முடிகிறது. யாரும் சிரிக்கவில்லை. நாற்பது, ஐம்பது ஜோடிக் கண்கள் என்னை விட்டு நழுவி, முன்வரிசையில் மூன்றாவது நாற்காலிக்குப் போகின்றன. அங்கே என் வீட்டுக்காரர். அவர் தோள் குலுங்குகிறது. அதன் பிறகுதான் அரங்கம் வெடிக்கிறது. அடுத்த ஜோக்குக்கும் அப்படியே. அதற்கு அடுத்ததற்கும். பன்னிரண்டு ஜோக், பன்னிரண்டு தடவை. சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

அவர் கார் ஓட்டச் சொல்லித்தருகிற பள்ளியில் ஆசிரியர். கெட்டவர் இல்லை. நான் முதல் தடவை மேடையேறின அன்று, அவர் அண்ணன் "பொம்பள ஊர் முன்னாடி புருஷனை வச்சுச் சிரிக்கறதா?" என்று குதித்தபோது, "அவ பேசட்டும், நான் முதல் வரிசையில உக்காந்து கேப்பேன்" என்றவர். அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை.

படத்தைப் பார்த்த மறுநாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டேன். "இந்தத் தடவை நீங்க வராம இருங்களேன்."

"ஏன், புதுசா என்னைத் திட்டப் போறியா? திட்டு. நான் சிரிக்காம வேற யார் சிரிப்பா?"

"அதுக்குத்தான்."

அவர் செருப்பு மாட்டுவதை நிறுத்தினார். "இத பாரு, நான் கோவத்துல சொல்லல. என் நாற்காலி காலியா இருந்தா அவங்க என்ன நினைப்பாங்க? வீட்ல ஏதோ சண்டைன்னு நினைப்பாங்க. உன் ஜோக்கெல்லாம் அப்பறம் ஜோக்காவா இருக்கும்? ஒப்பாரியாயிடும்."

"ஒரு தடவை பாக்கலாமே."

"எத்தனை பேர் பொண்டாட்டிகிட்ட இப்படி நாலு பேர் முன்னாடி வாங்கிக் கட்டிக்கறாங்க, சொல்லு? நீ சுதந்திரமா பேசணும்னுதான் நான் வர்றேன்."

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அது பொய்யா என்று பார்க்க, அவரிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பக்கத்து மருத்துவமனையில் செவிலியர்களுக்காக மதிய இடைவேளையில் பத்து நிமிடம் பேச ஒத்துக்கொண்டேன். உணவுக்கூடத்தில் முப்பது பெண்கள், தட்டும் கரண்டியுமாக. துணி ஜோக்கைச் சொன்னேன். வாயை மூடினேன். கண்கள் என்னை விட்டு நழுவின. போக ஒரு நாற்காலி இல்லாததால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இரண்டு பேர் சிரிப்பை விழுங்கினார்கள். கடைசியில் ஒரு மூத்த செவிலியர், என்மேல் உள்ள அக்கறையிலேதான், "ஏம்மா, நீ இதெல்லாம் பேசறது உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்" என்றேன்.

உடனே கூடமே சிரித்தது. தட்டுகள் அதிர்ந்தன. மூன்று வருடமாக நான் கட்டிய ஜோக்குகளில் எதற்கும் அவ்வளவு வேகமாகச் சிரிப்பு வந்ததில்லை. அரை நொடிகூட இல்லை.

கடைக்குத் திரும்பி நடக்கும்போது எனக்குப் புரிந்தது. அவர் வந்தால், சிரிக்கலாம் என்று அவர் சொல்லித்தான் சிரிப்பார்கள். வராவிட்டால், அவர் சம்மதம் இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் சிரிப்பார்கள். வாய் என்னுடையது, அதன் தாழ்ப்பாள் வேறிடத்தில். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. மிச்சமிருந்த வழி ஒன்றே ஒன்று. அவரே சிரிக்க முடியாத ஒரு ஜோக்கைச் சொல்ல வேண்டும். அவர் தோள் குலுங்காது, கூட்டம் காத்திருக்கும், கடைசியில் சிரிப்பதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் தாங்களே முடிவெடுத்தாக வேண்டும். நான் கேட்க விரும்பியது அந்தச் சிரிப்பைத்தான். ஒரே ஒரு ஆள் சிரித்தால்கூடப் போதும்.

வழக்கமாகப் புது ஜோக்கை வீட்டில் அவரிடம் சொல்லிப் பார்ப்பேன். இதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. அவர் மூன்றாவது நாற்காலியில், நடந்துபோகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் தன் கணவனை இழுத்து வந்து, "இவரப் பாத்து ரெண்டு விஷயம் கத்துக்கோங்க" என்று காட்டிவிட்டுப் போனாள். மேடையேறி மைக்கைத் தாங்கியிலிருந்து எடுத்தேன். துணி ஜோக்கைத் தொடவே இல்லை.

"எங்க வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லித்தர்றவர், உங்களுக்கே தெரியும். அந்தக் கார்ல ரெண்டு பிரேக் இருக்கும். ஒண்ணு ஓட்டறவங்க காலுக்கு, இன்னொண்ணு பக்கத்துல இருக்கற அவர் காலுக்கு. இதுல அழகு என்னன்னா, அவர் மெதுவா அமுக்கினா கத்துக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகா, நாமதான் எவ்வளவு அழகா நிறுத்தினோம்னு நினைச்சுக்குவாங்க. எனக்கும் அவர்தான் கத்துக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப இந்த மேடையைக்கூட நான்தான் ஓட்டறேன். பிரேக் முன்வரிசையில இருக்கு."

வாயை மூடினேன்.

கண்கள் நழுவின. மேடையிலிருந்து அதை நேராகப் பார்த்தது அன்றுதான். காற்றடித்த பயிர் மாதிரி எல்லா முகமும் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் தோள் குலுங்கவில்லை. ஒரு நொடி. இரண்டு. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் வீட்டில்கூடப் பார்த்ததில்லை. மூன்று.

பிறகு அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். என்றைக்கும் இல்லாத சத்தம். நாற்காலியைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து, "பாருங்க, பிரேக்காம் நான்! பிரேக்காம்!" என்றார். அரங்கம் அதிர்ந்தது. கைதட்டினார்கள். பின்வரிசையில் இருவர் எழுந்தே தட்டினார்கள். அந்தக் கைதட்டல் யாருக்கு என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. இப்படியும் ஆகும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. சிரிக்க முடியாததையும் அவரால் சிரித்துவிட முடியும்.

இந்த இடத்தில் நானும் சிரித்து, தலையை ஆட்டி, அடுத்ததற்குப் போவதுதான் பழக்கம். போகவில்லை. சிரிக்கவும் இல்லை. மைக்கை வாயருகே பிடித்தபடி சும்மா நின்றேன். அரங்கச் சிரிப்புக்கு ஓர் ஆயுள் உண்டு. ஊட்டம் கொடுக்காவிட்டால் ஆறேழு நொடியில் அது அடங்கிவிடும், ஓரங்களிலிருந்துதான் அடங்கத் தொடங்கும். பின்வரிசை முதலில் ஓய்ந்தது. பக்கங்கள் ஓய்ந்தன. எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். இவள் ஏன் அடுத்ததைச் சொல்லவில்லை என்று ஒரு முகம் என் பக்கம் திரும்பியது. இன்னொன்று. பிறகு ஐந்தாறு சேர்ந்து. நடுவரிசையில் ஒரு பெண் கைதட்டலைப் பாதியில் விட்டு, கைகளை அப்படியே மடியில் இறக்கிக்கொண்டாள்.

அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி, விரித்த கைகளோடு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தன் எதிரே இருக்கும் கண்கள் எல்லாம் தன் தலைக்கு மேலே எங்கோ போவது அவருக்கு இன்னும் தெரியவில்லை. அரங்கத்தில் அவருடைய சிரிப்பு ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது தன் சத்தத்தைத் தானே கேட்டதுபோல் இடறி நின்றது. கைகள் தாழ்ந்தன. அவர் மெல்லத் தலையைத் திருப்பத் தொடங்கினார்.