பழப்புளி போட்ட அலுமாரி

கெஸ்லருக்கு எங்களைக் கண்ணில் காட்டக் கூடாது. எனக்கும் அவனைக் கண்டால் அப்படித்தான். ஆனால் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரில், அவனுடைய பழைய தளபாடக் கடைக்கு மேலே ஓர் அறை இருந்தது. கடையைக் கூட்டித் துடைப்பதற்குச் சம்பளமாக அந்த அறையைத் தந்திருந்தான். நானும் பேர்பெச்சுவா அக்காவும் அகதி முகாமை விட்டு அங்கே வந்திருந்தோம். எண்பத்தாறாம் ஆண்டு மார்கழிக் குளிர். அக்கா பிள்ளைத்தாச்சி.

கடையில் இருப்பதெல்லாம் பிரெஞ்சு ராஜாக்கள் காலத்துச் சாமான்கள் என்பான். எங்கள் மூச்சுப் பட்டாலே கெட்டுவிடும் என்பதுபோல் பின்னாலேயே நிற்பான். அன்று மட்டும் வெளியே போயிருந்தான். பாலன் பிறக்கிற நத்தார் வருகிறதே என்று அக்கா பழப்புளியைக் கரைத்து, ஊர்க் கோயிலில் பித்தளை மெழுகுதிரித் தண்டு மினுக்குகிற மாதிரி, இரண்டு அலுமாரிகளின் தங்கக் கைப்பிடிகளையும் தேய்த்து வைத்தாள்.

கெஸ்லர் வந்து பார்த்தான். பெரிய அலுமாரியில் தங்கத்தைக் காணவில்லை. வெறும் பித்தளை பல்லைக் காட்டியது.

"இருநூறு வருடத்துத் தங்கம். காட்டுமிராண்டிகளே, இன்றைக்கே அறையைக் காலி செய்யுங்கள்." மறுநாள் அதை வாங்க ஒரு பல் டாக்டர் வருவதாக இருந்தது.

அக்கா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் பாதி, அவள் கும்பிட்டதில் பாதி.

"பேசாம இரு ஞானமலர். சாமானைக் கட்டுவம்" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. சின்ன அலுமாரிக்கும் இதே புளிதானே போட்டனீங்கள்?"

"ஓம். ரெண்டுக்கும் ஒரே கிண்ணம்தான்."

சின்ன அலுமாரியின் பிடிகள் மஞ்சளாய் மின்னின. ஒரு பொட்டுத் தங்கம் போகவில்லை. நான் அதைப் பார்த்தேன். கெஸ்லரும் பார்த்தான்.

எனக்கு வந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். "சின்னது தங்கம், புளியில் போகவில்லை. பெரியது வெறும் மஞ்சள் பூச்சு. நாளைக்கு டாக்டருக்கு இரண்டையும் காட்டுவேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. "அறையிலேயே இருந்து தொலையுங்கள்" என்றான். "அந்தப் புளியைக் குப்பையில் போடு."

போடவில்லை. மறுநாள் டாக்டர் வந்தபோது பெரிய அலுமாரி துணி மூடிக் கிடந்தது. நான் புளிச் சாடியை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவின் பிள்ளை அந்த அறையில்தான் தவழ்ந்தது. கெஸ்லர் ஒருநாளும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நானும், அவன் கண்ணில் படப் படியில் வைத்த சாடியை எடுக்கவில்லை.